கிணற்றுத் தண்ணீரும் காந்தப் பொடியும்

(வேளாண் ஒலிபரப்பில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)



வெள்ளகோவில், முத்தூர், மூலனூர், காங்கயம் பக்கத்தில் தண்ணீரைப் பற்றிப் பேசினால் யாருக்கும் அலுப்புத் தட்டாது. நம்முடையது மழை குறைந்த சீமை. பரம்பிக்குளம் – ஆழியாறு வாய்க்காலுக்கு நாம் கடைமடை. வட்டமலைக்கரை ஓடை அணை ஆண்டுக்கணக்கில் வறண்டு கிடந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வடக்கே நொய்யல் ஆறு திருப்பூர்ச் சாயத்தைச் சுமந்து வந்த கதையும் தெரியும். ஆகவே, தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு புதுப்பொருள் வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் நம் காது உடனே அந்தப் பக்கம் திரும்பும். அதில் தவறில்லை. ஆனால், மடியிலிருக்கும் காசை அவிழ்க்கும் முன்னால், அந்தப் பொருள் என்ன, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்வது நல்லது.

அப்படி ஒரு பொருளைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். காந்தத்துக்கு இழுபடும் பொடி. அதன்மேல் பாலிமர் பூச்சு. தண்ணீரிலுள்ள கிருமியைக் கொல்லும் குணம். இந்த மூன்றும் சேர்ந்ததை விஞ்ஞானிகள் 'காந்தப் பாலிமர் நானோ கூட்டுப்பொருள்' என்கிறார்கள். பேர் நீளமாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். அதில் சேரும் சரக்குகளில் பெரும்பாலானவை நமக்குப் பழக்கமானவைதான்.

பேரைப் பிரித்துப் பார்ப்போம்

முதலில் காந்தம். மழை பெய்து ஓய்ந்தபின், ஓடை மணலில் பிள்ளைகள் ஒரு காந்தத் துண்டை இழுத்து விளையாடுவார்கள். காந்தத்தில் மீசை மயிர் போலக் கறுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வரும். அந்தத் தூளில் பெரும்பகுதி மேக்னடைட் என்கிற இரும்புத்தாது. சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கஞ்சமலையில் இருப்பதும் இந்தத் தாதுதான். நாம் பேசும் பொடியிலும் காந்தக் குணத்தைக் கொடுப்பது இதே மேக்னடைட்தான்.

இரண்டாவது பாலிமர். பிளாஸ்டிக் மட்டும் பாலிமர் என்று நினைக்க வேண்டாம். சின்னச்சின்ன மணிகளைக் கோத்து நீளமான மாலை கட்டினாற்போல் அமைந்த பொருள் எதுவும் பாலிமர்தான். நம் ஊர் விசைத்தறியில் போர்வையாக ஓடுகிற பஞ்சு நூல் ஒரு பாலிமர். இறால் ஓட்டிலிருந்து எடுக்கிற கைட்டோசான் ஒரு பாலிமர். முருங்கை விதையிலுள்ள புரதமும் அந்த வகையைச் சேர்ந்ததே.

மூன்றாவது நானோ. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு வைத்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியா ஏறக்குறைய 1000 முதல் 2000 நானோமீட்டர் நீளம் இருக்கும். நாம் சொல்லும் காந்தத் துகள் 10 முதல் 20 நானோமீட்டர். அதாவது பாக்டீரியா ஓர் எருமை என்றால், இந்தத் துகள் எருமையின் மேல் உட்காரும் ஈ.

இவ்வளவு பொடியாக ஏன் ஆக்க வேண்டும்? ஒரு கட்டி வெல்லத்தைத் தண்ணீரில் போட்டால் மெள்ளக் கரையும். அதையே தூளாக்கிப் போட்டால் உடனே கரைந்துவிடும். தூளாக்கினால் தண்ணீர் தொடுகிற மேற்பரப்பு கூடுகிறது. கிருமியோடு மோதி வேலை செய்வதும் இந்த மேற்பரப்புத்தான். அதனால், கைப்பிடியளவு சரக்குக்குள் பெரிய களத்து மேட்டளவு பரப்பை அடக்கிவிட முடிகிறது.

கடைசியில் கூட்டுப்பொருள். மண்ணும் வைக்கோலும் சேர்த்துக் குழைத்துச் சுவர் வைப்பது போல. மண்ணுக்கு ஒரு குணம், வைக்கோலுக்கு ஒரு குணம். சேர்ந்தால் சுவர் வெடிக்காமல் நிற்கும்.

எப்படிச் செய்கிறார்கள்?

நிலக்கடலையும் கரும்பும் இரும்புச்சத்துக் குறைந்து வெளுத்துப் போனால் அன்னபேதி தெளிக்கிறோம் அல்லவா? அந்த அன்னபேதி உப்புத்தான் இங்கே ஒரு மூலப்பொருள். அதோடு பெர்ரிக் குளோரைடு என்ற இன்னோர் இரும்பு உப்பைச் சேர்க்க வேண்டும். அன்னபேதியின் இரும்பு ஒரு பங்கு என்றால், மற்றதன் இரும்பு இரண்டு பங்கு இருக்க வேண்டும். இரண்டையும் தண்ணீரில் கரைத்து, காற்றுப் படாமல் வைத்து, நன்றாகக் கலக்கிக்கொண்டே அமோனியாக் கரைசலைச் சேர்த்தால், மஞ்சளும் பழுப்புமாய் இருந்த தண்ணீர் கண்மூடித் திறப்பதற்குள் கருநிறமாகும். அடியில் படிகிற அந்தக் கரிய வண்டல்தான் மேக்னடைட் நானோத்துகள். பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி ரெனே மசார் 1981-இல் வெளியிட்ட முறை இது. இன்றும் ஆய்வகங்களில் பெரும்பாலும் இதைப் பின்பற்றியே செய்கிறார்கள்.

பக்குவம் முக்கியம். காற்றுப் பட்டாலும், பங்கு மாறினாலும், கறுப்புக்குப் பதில் செங்காவித் துரு வந்துவிடும். அது காந்தத்துக்குச் சரியாக இழுபடாது.

இந்தத் துகளுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. காந்தம் பக்கத்தில் இருக்கும்போது ஓடி வந்து ஒட்டும். காந்தத்தை எடுத்துவிட்டால் தன் காந்தக் குணத்தை விட்டுவிடும். பெரிய இரும்புத் தூளானால் ஒருதரம் காந்தம் ஏறியபின் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இது அப்படி ஆகாமல் மறுபடியும் தண்ணீரில் கலையும். திரும்பத் திரும்பப் பயன்படுத்த இதுவே வழி செய்கிறது.

அடுத்து மேல்பூச்சு. இறால் பதனிடும் ஆலைகளில் ஓடு கழிவாக விழுகிறது. அதைக் காரத்திலும் அமிலத்திலும் பதப்படுத்தி எடுக்கிற வெள்ளைப் பொருள் கைட்டோசான். வெறும் தண்ணீரில் இது கரையாது. காடியில் இருக்கிற புளிப்பு அமிலத்தை நீர்க்கக் கலந்தால் கஞ்சி போலக் கரையும். அந்தக் கஞ்சியில் காந்தப் பொடியைக் கலந்து, காஸ்டிக் சோடாக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால் ஒவ்வொரு சொட்டும் உருண்டு கெட்டியாகிவிடும். பூந்திக் கரண்டியில் மாவு விழுந்து எண்ணெயில் உருளுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே காட்சிதான். இங்கே விழுவது கறுப்புப் பூந்தி.

கிருமியைக் கொல்லும் வேகம் கூட வேண்டுமானால் இந்த மணியில் வெள்ளி ஏற்றுவார்கள். வெள்ளி உப்புக் கரைசலில் மணியை ஊறவைத்து, பிறகு அந்த உப்பை நுண்ணிய வெள்ளித் துகளாக மாற்றுவார்கள். இந்த மாற்றத்துக்கு ரசாயனமும் உண்டு. முருங்கை இலைச் சாறு, வேப்பிலைச் சாறு கொண்டும் ஆய்வகங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

கிருமி எப்படிச் சாகிறது?

பாக்டீரியாவின் மேல்தோலில் எதிர் மின்னேற்றம் இருக்கிறது. கைட்டோசானும் முருங்கை விதைப் புரதமும் நேர் மின்னேற்றம் உள்ளவை. ஆகவே ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் பாக்டீரியாவின் தோல் நெகிழ்ந்து, கிழிந்து, உள்ளே இருப்பது வெளியே கசிந்து, அது செத்துவிடும். வெள்ளியின் வழி வேறு. தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும் வெள்ளி அயனி, பாக்டீரியாவுக்குள் போய் அதன் மூச்சு வேலையைக் கெடுத்துவிடும்.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு நெருங்கிய ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தலப்பில் பிரதீப் அவர்களின் குழுவினர், அலுமினிய நீராக்சைடையும் கைட்டோசானையும் சேர்த்துக் கூழாங்கல் போன்ற சிறு குருணைகளை உண்டாக்கி, அதில் வெள்ளி நானோத்துகளைப் பதித்தார்கள். 2013-இல் அந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. அவர்கள் குருணையிலிருந்து தண்ணீருக்கு வந்த வெள்ளி, நூறு கோடிப் பங்குத் தண்ணீரில் சுமார் 40 பங்குதான். குடிநீரில் 100 பங்கு வரை இருக்கலாம் என்பது நம் நாட்டுத் தர அளவு. கிருமி சாகிறது, குடிக்கிறவருக்கும் கெடுதல் இல்லை. பிரதீப் அவர்களுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அந்தக் குருணையில் காந்தம் கிடையாது. அது வடிகட்டிக்குள்ளேயே அடைபட்டு நிற்கிறது. தண்ணீர்தான் அதன் ஊடே போய்வருகிறது.

காந்தம் எதற்கு?

'ஏனுங்க, கிருமியைக் கொல்ல வெள்ளி போதும், கைட்டோசான் போதும்னா, நடுவில் காந்தம் எதுக்குங்க?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இன்றைய பேச்சின் நடுநாயகமே இதுதான்.

கிருமிக்கொல்லிக்கு நல்லது கெட்டது தெரியாது. காலராக் கிருமியையும் கொல்லும். நாம் விதை நேர்த்தியில் கலக்கிற ரைசோபியத்தையும், தொழுவுரத்தோடு கலந்து போடுகிற அசோஸ்பைரில்லத்தையும் கெடுக்கும். அதனால் கிருமிக்கொல்லிப் பொடியைத் தண்ணீரில் போட்டால் மட்டும் போதாது. வேலை முடிந்ததும் அதைத் திரும்ப எடுத்தாக வேண்டும். 10 நானோமீட்டர்ப் பொடியை எந்தத் துணியில் வடிகட்டுவது? துணி என்ன, சாதாரண வடிகட்டிக் காகிதத்தில்கூட நிற்காது. அங்கேதான் காந்தம் கைகொடுக்கிறது. பாத்திரத்தின் பக்கத்தில் பலமான காந்தத்தை வைத்தால், சில நிமிடங்களில் கறுப்புப் பொடி முழுவதும் அந்தப் பக்கம் ஒதுங்கிவிடும். தெளிந்த தண்ணீரை வடித்துக்கொண்டு, பொடியைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாம். மேய்ச்சலுக்குப் போன மாடு சாயங்காலம் மணியோசை கேட்டுப் பட்டிக்குத் திரும்புவது போல.

திருப்பூர்ப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. வியர்வை நாற்றம் வராமல் இருக்க, பனியனிலும் காலுறையிலும் வெள்ளி ஏற்றுகிற வழக்கம் உலகமெங்கும் வந்திருக்கிறது. 2008-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் கடையில் வாங்கிய அப்படிப்பட்ட காலுறைகளைத் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சிலவற்றிலிருந்து வெள்ளி தண்ணீரோடு போய்விட்டது. துணியை விட்டுப் போன வெள்ளி சாக்கடைக்கும், பிறகு மண்ணுக்கும்தான் வந்து சேரும். போனதைத் திருப்பி அழைக்க அங்கே காந்தம் இல்லை. அதனால் கிருமிக்கொல்லித் துணி செய்கிறவர்கள், வெள்ளி நூலோடு எத்தனை சலவைக்கு நிற்கிறது என்று பார்த்துச் செய்ய வேண்டும். அலசல் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று கேட்கும் உரிமை உழவனுக்கும் உண்டு.

காந்த மணியைக் கொண்டு வேண்டியதைப் பிரித்தெடுப்பது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. நார்வே நாட்டு விஞ்ஞானி ஜான் உகல்ஸ்டாட் 1970-களில் ஒரே அளவான பாலிமர் மணிகளைச் செய்து காட்டினார். பின்னர் அவற்றில் காந்தம் ஏற்றப்பட்டு, இன்று உலகமெங்கும் மருத்துவ ஆய்வகங்களில் அத்தகைய மணிகள் பயன்படுகின்றன. 2020, 2021-இல் கொரோனாச் சோதனைக்கு நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்த மாதிரியிலிருந்து கிருமியின் மரபுப் பொருளைப் பிரிக்கப் பல ஆய்வகங்களில் காந்த மணிகள்தாம் உதவின.

நம் முருங்கைக்கு இதில் இடமுண்டு

மூலனூர் முருங்கையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயை விற்கிறோம், இலையை விற்கிறோம். முற்றிக் காய்ந்த நெற்றில் இருக்கும் விதைக்கு இன்னொரு குணம் உண்டு. கலங்கல் தண்ணீரை அது தெளிய வைக்கும். நம் முன்னோர் தேத்தாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்தது போல, சூடான் நாட்டில் நைல் நதிக் கரையிலுள்ள பெண்கள் முருங்கை விதையை இடித்துத் தண்ணீரைத் தெளிய வைத்தார்கள். சாமியா அல் அசாரியா ஜான் என்ற பெண் விஞ்ஞானி 1970-களில் தொடங்கி இந்த வழக்கத்தை ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னார்.

விதையில் இருக்கும் நேர் மின்னேற்றப் புரதம் மண்துகளையும் கிருமியையும் ஒன்றாகத் திரட்டி அடியில் படியவைக்கிறது. ஆனால் ஒரு குறை உண்டு. விதைப் பொடியோடு சேர்ந்து மற்றச் சத்துகளும் தண்ணீரில் கரைகின்றன. ஒருநாள் வைத்தால் மிச்சமுள்ள கிருமி அந்தச் சத்தைத் தின்று மறுபடி பெருகிவிடும். தண்ணீர் வாடை அடிக்கும்.

இந்தக் குறையைப் போக்க விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். புரதத்தை மட்டும் ஏதாவது ஒன்றின்மேல் ஒட்டவைத்து, மற்றதைக் கழுவி விடுவது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் அதைச் சாதாரண மணலின்மேல் ஒட்டவைத்தார்கள். அந்த மணல் கிருமியைப் பிடித்துக் கொன்றது. ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்வீடன் நாட்டில், ஸ்டாக்ஹோம் நகரத் தொழில்நுட்பக் கழகத்தார் அதே புரதத்தை இரும்பு ஆக்சைடு காந்தத் துகளின்மேல் ஒட்டவைத்தார்கள். தண்ணீர் தெளிய ஆகும் நேரம் காந்தத்தின் உதவியால் குறைந்தது. அன்னபேதியும் முருங்கை விதையும் சேர்ந்தால் இப்படி ஒரு பொருள் பிறக்கிறது என்றால், முருங்கை விளைகிற நம் சீமைக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல.

இது எதைச் செய்யாது?

இனிமேல் சொல்லப் போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

பஞ்சு நூலில் சாயம் பிடிக்க உப்பு நிறைய வேண்டும். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும். உப்பு தண்ணீரோடு வெளியே போய்விடும். இந்த உப்பும் சாயமும் நொய்யலில் வந்து, 1992-இல் கட்டி முடிந்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்கு என்று கட்டிய அணையே சுமையாகிப் போனது. உழவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற கட்டுப்பாட்டின் கீழ், சவ்வு வழியே வடிகட்டியும், மிஞ்சிய உப்பு நீரைக் கொதிக்கவைத்து உப்பாக்கியும் ஆலைகள் நடக்கின்றன.

இவ்வளவு செலவு எதற்கு? கரைந்த உப்பைப் பிரிக்க எளிய வழி இல்லை என்பதால்தான். காந்தப் பாலிமர் மணி கிருமியைக் கொல்லும். சாய நிறத்தைக்கூட ஓரளவு தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் என்று ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். ஆனால் கரைந்த சோற்றுப்பு அதில் ஒட்டாது, காந்தத்துக்கும் இழுபடாது. நிறம் போய்ப் பளிங்கு போலத் தெரிகிற தண்ணீரில் உப்பு அப்படியே இருக்கும். அதைப் பாய்ச்சினால் மண் இறுகிக் களர் தட்டும்.

ஆகவே, 'குழாயில் காந்தம் கட்டினால் உப்பு போய்விடும், நானோப் பொடி போட்டால் சவர் தண்ணீர் நல்ல தண்ணீர் ஆகிவிடும்' என்று எவராவது வாசலில் வந்து சொன்னால், உப்பு அளவுக் கருவியால் முன்னும் பின்னும் அளந்து காட்டச் சொல்லுங்கள். எண் இறங்காவிட்டால் வாசலைக் காட்டிவிடுங்கள்.

கிருமிக்காகவே விற்கிற பொருளானாலும் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று: எந்தக் கிருமியைக் கொல்கிறது என்பதற்கு ஆய்வகச் சான்று உண்டா? இரண்டு: வேலை முடிந்தபின் பொடி தண்ணீரில் தங்காமல் எப்படி எடுக்கிறீர்கள்? மூன்று: சுத்தமான தண்ணீரில் வெள்ளியும் இரும்பும் எவ்வளவு மிஞ்சுகின்றன? பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

'அன்னபேதி வீட்டிலேயே இருக்குதுங்க, நாமே செஞ்சுக்கலாமா?' என்றால், கண்டிப்பாக வேண்டாம். அமோனியா ஆவி கண்ணையும் மூச்சையும் தாக்கும். காஸ்டிக் சோடா தோலை வேகவைக்கும். காய்ந்த நானோப் பொடி மூச்சில் ஏறினால் நுரையீரலுக்கு ஆகாது. கொட்டகையில் செய்கிற வேலை அல்ல இது.

இன்றைக்கு நாம் செய்ய வேண்டியது

புதுப்பொருள் தரமாக, சான்றோடு நம் ஊருக்கு வரும்போது வரட்டும். அதுவரை பிள்ளைகளும் பெரியவர்களும் குடிக்கிற தண்ணீரைக் கிருமியிலிருந்து காக்க, கைக்கெட்டிய வழிகள் இருக்கின்றன.

முதலாவது, கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுதல். 1000 லிட்டர் தண்ணீருக்கு நல்ல தரமான பவுடர் இரண்டரை கிராம் போதும். வட்டக் கிணறானால் கணக்கு இப்படி: குறுக்களவை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நாலால் வகுக்க வேண்டும். வருவது கன மீட்டர். ஒரு கன மீட்டர் 1000 லிட்டர். குறுக்களவு 4 மீட்டர், தண்ணீர் ஆழம் 3 மீட்டர் என்றால் 37,680 லிட்டர் வரும். அதற்குச் சுமார் 95 கிராம் பவுடர் வேண்டும். பவுடரை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி நன்றாகக் கலக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டக் கூடாது. ராத்திரியில் போட்டுக் காலையில் இறைத்தால் நல்லது. குறைந்தது ஒரு மணி நேரமாவது விட வேண்டும். பழைய, காற்றுப்பட்ட பவுடருக்கு வீரியம் இருக்காது.

இரண்டாவது, கொதிக்க வைத்தல். தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமாவது ஆக வேண்டும். சூடு ஏறியதும் இறக்கிவிட்டால் பயன் இல்லை.

மூன்றாவது, தண்ணீர் கலங்கலாக இருந்தால் முருங்கை விதை. செடியிலேயே முற்றிக் காய்ந்த நெற்றின் விதையை எடுங்கள். விதைப்புக்கு என்று மருந்து கலந்து விற்கும் விதையைத் தொடவே கூடாது. மேல் ஓட்டை நீக்கி, வெள்ளைப் பருப்பை நன்றாக இடித்து, 20 லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் பொடி எடுங்கள். ஒரு சின்னப் பாட்டில் சுத்தமான தண்ணீரில் அதைப் போட்டு ஐந்து நிமிடம் குலுக்கி, சுத்தமான துணியில் வடித்து, அந்தப் பாலைக் குடத்தில் ஊற்றுங்கள். இரண்டு நிமிடம் வேகமாகவும், பிறகு பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, ஒன்றிரண்டு மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேல் தண்ணீரை வடித்து எடுத்து, அதையும் கொதிக்க வைத்தே குடியுங்கள். விதை கிருமியைக் குறைக்கும், முழுக்க ஒழிக்காது. அன்றைய தண்ணீரை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

நான்காவது, கிணற்றைக் காப்பது. கழிப்பறைக் குழிக்கும் குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் 15 மீட்டராவது இடைவெளி வேண்டும். கிணற்று மேட்டில் மாட்டைக் கட்டுவதும், சாணக் குழியைப் பக்கத்தில் வைப்பதும் வேண்டாம். முதல் மழைத் தண்ணீர் கிணற்றுக்குள் வழியாதபடி சுற்றுச்சுவரும் சிமெண்டுத் தளமும் கட்டிவிடுங்கள்.

ஐந்தாவது, பரிசோதனை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் தண்ணீரைச் சோதித்துத் தருகிறார்கள். உப்பையும் கிருமியையும் தனித்தனியே கேட்டு எழுதி வாங்குங்கள். குடிநீர் 100 மில்லிலிட்டரில் ஈ.கோலி என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை ஒப்புக்கொள்ளலாம் என்பது தர அளவு. இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால், நம் தண்ணீருக்கு எந்த வைத்தியம் வேண்டும் என்பது தானே விளங்கிவிடும். கிருமி நோய்க்குக் கிருமி மருந்து, உப்பு நோய்க்கு உப்பு மருந்து. ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் காசும் போகும், நோயும் போகாது.

பெருமக்களே, இதுவரை கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். அன்னபேதி, இறால் ஓடு, முருங்கை விதை, வெள்ளி ஆகிய சரக்குகளிலிருந்து, கிருமியைக் கொன்றபின் காந்தத்தோடு திரும்பி வரும் மணிகளைச் செய்ய முடியும். குடிதண்ணீருக்கு இது நல்ல வழி. உப்புத் தண்ணீருக்கு இது வழியல்ல. மண்ணில் தங்கிவிடாமல் திரும்ப எடுக்க முடிகிற கிருமிக்கொல்லியே உழவனுக்கு ஏற்றது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நானோ அறிவியலுக்கு என்றே ஒரு பிரிவு இயங்குகிறது. துணி சம்பந்தமாகக் கோவையில் 'சிட்ரா' என்ற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் இருக்கிறது. நானோ என்று பேர் போட்டு எது விலைக்கு வந்தாலும், வாங்கும் முன் இப்படிப்பட்ட இடங்களில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மழை வருவதற்கு முன் கிணற்று மேட்டைச் சரிசெய்து, பவுடர் ஒரு பொட்டலம் வாங்கி வைத்துவிடுங்கள்.